வாளை உறையில் போடு! 'பிரின்ஸ்' ஆடிய ஞாயிற்றுக்கிழமைகள்

"செருப்பைக் கழற்றிட்டு உள்ளே வா!"

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன யாருக்கும் இந்தக் குரல் மறந்திருக்காது. கோயிலுக்கு அடுத்தபடியாக நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன இடம் அதுதான். உள்ளே போனால் ஏ.சி. குளிர். கம்ப்யூட்டர்களுக்குத் துணி உறை. தரையில் பச்சைக் கம்பளம். ஒரு மூலையில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் 'கர்ர்ர்' என்று கத்திக்கொண்டிருக்கும்.

ஈரோட்டில் எங்கள் தெருமுனையில் அப்படி ஒரு சென்டர் இருந்தது. 1996 கோடை விடுமுறையில் அப்பா என்னை அங்கே சேர்த்துவிட்டார். எனக்கு 13 வயது. டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், கொஞ்சம் பேசிக். "இதைப் படிச்சா வேலை கெடைக்கும்" என்று பக்கத்து வீட்டு மாமா சொல்லியிருந்தார். அப்பா அதை அப்படியே நம்பினார்.

ஆனால் நான் அங்கே படித்தது வேறு பாடம். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு பிராக்டிகல் வகுப்பு. சார் டீ குடிக்கப் போனதும், யாரோ ஒரு சீனியர் அண்ணன் கறுப்புத் திரையில் ஐந்தாறு எழுத்துகளைத் தட்டுவார். 'பிரின்ஸ்'... என்டர்! அவ்வளவுதான். அரண்மனை, இளவரசி, மணல் கடிகாரம், தாடிக்கார மந்திரி என்று வேறோர் உலகம் திறந்துவிடும்.

அதுதான் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. எங்களுக்கு வெறும் 'பிரின்ஸ்'.

60 நிமிடம், ஒரு வாள்

ஆடாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். சுல்தான் போருக்குப் போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்து மந்திரி ஜாஃபர் இளவரசியைச் சிறை வைக்கிறான். 'என்னைக் கல்யாணம் செய்துகொள், இல்லாவிட்டால் சாவு. ஒரு மணி நேரம் தருகிறேன்' என்கிறான். அவளுடைய காதலன் பாதாளச் சிறையில் கிடக்கிறான். அவன் கையில் எதுவும் இல்லை. அந்தச் சிறையிலிருந்து கிளம்பி, மாடி மாடியாக ஏறி, 60 நிமிடங்களுக்குள் இளவரசியை அடைய வேண்டும். அந்தக் காதலன்தான் நாம்.

முதல் லெவலில் வாளைத் தேடி எடுக்க வேண்டும். வாள் இல்லாமல் காவலாளி முன்னால் போய் நின்றால் ஒரே வெட்டு, ஆட்டம் முடிந்தது. காலடியில் ஆடும் கல் அடுத்த நொடி கீழே விழும். தரையிலிருந்து திடீரென முள் நீளும். அதன் மேல் ஓடினால் சாவு; மெதுவாக நடந்தால் ஒன்றும் ஆகாது. வாசலில் இரண்டு பல் வரிசை போல வாள்கள் 'கறக், கறக்' என்று மூடித் திறக்கும். கணக்குப் பார்த்துக் காலை வைக்க வேண்டும்.

செத்தால் அதே லெவலை மறுபடி ஆடலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. இதுதான் அந்த விளையாட்டின் கொடுமை. எங்களுக்கு இன்னொரு கடிகாரமும் இருந்தது. சார் டீ குடித்துவிட்டு வரும் நேரம்!

சென்டரில் இருந்த மானிட்டர்களில் ஒன்றுதான் கலர். மற்றவை எல்லாம் கறுப்பு வெள்ளை. விளையாட்டில் வழியெங்கும் மருந்துக் குப்பிகள் இருக்கும். சிவப்பைக் குடித்தால் உயிர் கூடும். நீலத்தைக் குடித்தால் உயிர் குறையும். கறுப்பு வெள்ளை மானிட்டரில் எது சிவப்பு, எது நீலம்? சாமியைக் கும்பிட்டுவிட்டுக் குடிப்போம். பாதி நேரம் சாமி கைவிட்டுவிடும்.

ஆட்டத்தை 'சேவ்' செய்து வைத்தால் எப்போதும் ஒன்றுதான் இருக்கும். நாம் எட்டாவது லெவலில் வைத்துவிட்டுப் போவோம். திங்கட்கிழமை பேட்ச் பையன் வந்து மூன்றாவது லெவலில் சேவ் செய்திருப்பான். ஒரு வார உழைப்பு போச்சு.

பின்னால் உட்கார்ந்திருந்தவள்

நான் தனியாகப் போகவில்லை. "பாப்பாவையும் கூட்டிட்டுப் போ கண்ணு, வீட்ல தனியா இருப்பா" என்று அம்மா தங்கையையும் என்னோடு அனுப்பிவிடுவார். அவளுக்கு 10 வயது. எனக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள்.

அவள் கோர்ஸில் சேரவில்லை. ஃபீஸ் கட்டியது எனக்கு மட்டும்தான். "அவ சின்னப்புள்ள, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று அப்பா சொன்னார். கோர்ஸில் சேராதவர்கள் கீபோர்டைத் தொடக் கூடாது என்பது சென்டரின் விதி. ஒருநாள் அவள் தயங்கித் தயங்கி, "ஒரே ஒரு தடவ குதிக்க வெச்சுக்கட்டுமாண்ணா?" என்று கேட்டாள். "சார் திட்டுவார்" என்றேன். சார் அப்போது டீக்கடையில் இருந்தார்.

அதனால் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்தக் கல் ஆடும், எந்தக் கதவு எந்தப் பலகையை மிதித்தால் திறக்கும், எந்தக் காவலாளி முதலில் அடிப்பான் என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். "அண்ணா, இடது பக்கம். அந்தக் கல்லு விழும்" என்று பின்னாலிருந்து குரல் வரும். ஆடுகிறவனுக்கு விரல்தான் வேலை செய்யும். பார்க்கிறவளுக்குக் கண் வேலை செய்தது.

எட்டாவது லெவலில் கதவு மூடிக்கொள்ளும். வழியே இருக்காது. நான் கோபத்தில் எல்லாச் சுவரிலும் முட்டிக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் சும்மா இருண்ணா" என்றாள் அவள். சும்மா நின்றோம். இளவரசி அனுப்பிய குட்டி வெள்ளை எலி ஓடி வந்து பலகையை மிதித்துக் கதவைத் திறந்துவிட்டது! சென்டரே கைதட்டியது.

அது ஒரு தம்பியின் ஓட்டம்

அந்த இளவரசன் ஓடும்போதும், தாவும்போதும், விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போதும் நிஜ மனிதன் போலவே இருப்பான். அந்தக் காலத்து மற்ற விளையாட்டுகளில் பொம்மைகள் வெட்டி வெட்டி நகரும். இவன் மட்டும் ஏன் இப்படி என்று அப்போது நாங்கள் யோசித்ததில்லை. பதில் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் நிஜ மனிதன்தான்!

இதை உருவாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜோர்டன் மெக்னர். யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே 'கராத்தேகா' என்ற விளையாட்டை எழுதி, 1984-ல் வெளியிட்டவர். படிப்பு முடிந்ததும் அடுத்த விளையாட்டுக்கு இறங்கினார். 1985-ல் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டு, ஒரு கார் பார்க்கிங்கில் ஓடவும் தாவவும் ஏறவும் வைத்து வீடியோ எடுத்தார்.

இன்றைக்கு அதை ஒரு நிமிடத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். அன்று முடியாது. டிவியில் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு அசைவையும் ஸ்டில் கேமராவில் படமெடுத்தார். பிரின்ட் போட்ட படங்களில் கறுப்பு மார்க்கரும் வெள்ளை மையும் வைத்து உருவத்தின் ஓரத்தைத் தெளிவாக்கினார். பிறகு அவற்றை ஜெராக்ஸ் எடுத்துக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனார். ஓட்டம், தாவல், திரும்பல் எல்லாவற்றையும் இப்படியே செய்தார். விளையாட்டு முடிய ஏறக்குறைய 4 வருடம் ஆனது. ப்ரோடர்பண்ட் நிறுவனம் 1989-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக வெளியிட்டது. பின்னணி இசை அமைத்தவர் மெக்னரின் அப்பா.

வாள்சண்டை எங்கிருந்து வந்தது? சினிமாவிலிருந்துதான். 1938-ல் வந்த ராபின் ஹூட் படத்தில் எரோல் ஃப்ளின்னும் பேசில் ராத்போனும் மோதும் கடைசிச் சண்டை. அதில் இருவரும் பக்கவாட்டில் முழுசாகத் தெரிவது சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளை ஃபிரேம் ஃபிரேமாக எடுத்து, வெட்டு, தடுப்பு, பின்வாங்கல் என்று பிரித்துக்கொண்டார். எம்.ஜி.ஆர் - நம்பியார் வாள்சண்டை பார்த்து வளர்ந்த நமக்கு அந்த 'டங், டங்' உடனே பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. அங்கேயும் இங்கேயும் வேலை செய்தது சினிமா வாள்தான்.

இடமில்லாமல் பிறந்த எதிரி

இதைவிடச் சுவாரஸ்யமான கதை ஒன்று உண்டு. முதலில் மெக்னர் யோசித்த விளையாட்டில் சண்டையே கிடையாது. ஓடுவது, தாவுவது, தப்பிப்பது மட்டும்தான். அவருடைய தோழி டோமி பியர்ஸ் விடவில்லை. சண்டை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மெக்னருக்கும் ஆசைதான். ஆனால் எதிரியை வரைந்து வைக்கக் கம்ப்யூட்டரில் இடமில்லை. அந்த விளையாட்டு ஓடிய ஆப்பிள் 2-வின் மெமரி 128 கிலோபைட். உங்கள் போனில் காலையில் வந்த 'குட் மார்னிங்' படமே அதைவிடப் பெரிதாக இருக்கும்!

கடைசியில் வழி பிறந்தது. புதிதாக ஓர் ஆளை வரையத்தானே இடமில்லை? ஏற்கெனவே இருக்கும் இளவரசனின் படங்களையே எடுத்து, கணக்குப் போட்டுச் சற்றுப் புரட்டினார். இடமே அடைக்காமல் இன்னொருவன் வந்துவிட்டான். மின்னும் கோடுகளால் ஆன நிழல் மனிதன். இளவரசனின் அதே ஓட்டம், அதே தாவல், அதே வாள். காவலாளிகளுக்கான இடத்தை மெக்னர் அதன் பிறகுதான் கஷ்டப்பட்டு உண்டாக்கினார்.

அந்த நிழல்தான் விளையாட்டின் உயிர். நான்காவது லெவலில் வழியை மறித்து ஒரு கண்ணாடி நிற்கும். ஓடிவந்து அதற்குள் பாய வேண்டும். பாய்ந்தால் உயிர் ஒன்றாகக் குறைந்துவிடும். கண்ணாடியிலிருந்து நிழல் எதிர்ப்பக்கம் ஓடிப்போகும். ஐந்தாவது லெவலில் நமக்கு வேண்டிய மருந்தை அது குடித்துவிடும். ஆறாவதில் நாம் வரும்போது கதவை மூடிப் பள்ளத்தில் தள்ளிவிடும். அதன் மேல் எங்களுக்கு வந்த ஆத்திரம் ஜாஃபர் மேல்கூட வந்ததில்லை.

"கத்திய உள்ள வை!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோர்ஸ் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, பன்னிரண்டாவது லெவலை எட்டினோம். கோபுரத்தின் மேலே, வாளோடு எதிரில் வந்து நின்றது அந்த நிழல்.

"மாட்டினான்டா!" என்று பாய்ந்தேன். ஷிஃப்ட் கீயைத் தட்டி வெட்டினேன். அவன் விழுந்தான். நானும் விழுந்தேன். மறுபடி ஆடினேன். அவனைக் கொன்றேன். நானும் செத்தேன். சீனியர் அண்ணன்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஒருவர் வேகமாக அடித்தார். ஒருவர் தடுத்துத் தடுத்து அடித்தார். எல்லாருக்கும் ஒரே முடிவு. இந்தக் காப்பியில் ஏதோ கோளாறு என்று தீர்மானித்துவிட்டோம். ஃப்ளாப்பியில் ஊர் ஊராகச் சுற்றி வந்த காப்பிதானே!

அடுத்த வாரமும் அதே கதை. பின்னாலிருந்து மெல்ல ஒரு குரல்.

"அண்ணா, நீ அவன அடிக்கறப்பெல்லாம் நம்ம முக்கோணந்தான் கொறையுது."

திரையின் கீழே இடது ஓரத்தில் சிவப்பு முக்கோணங்கள் நம் உயிரைக் காட்டும். பார்த்தேன். ஆமாம்.

"அவன் நீதானண்ணா? கண்ணாடிக்குள்ள இருந்து வந்தவன்தான? கத்திய உள்ள வை."

"எதிரி முன்னாடி எவனாவது கத்திய உள்ள வைப்பானா?" என்று சிரித்தார் ஒரு சீனியர். நானும் சிரித்தேன். ஆனால் வேறு வழியில்லை. கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினேன். இளவரசன் வாளை உறையில் போட்டான். எதிரில் நின்ற நிழலும் போட்டது. இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடினார்கள். ஒரு மின்னல். இரண்டு பேர் ஒருவரானார்கள்.

அதற்கப்புறம் எதிரில் வெறும் பள்ளம். குதித்தால் சாவு என்று நினைத்தேன். "ஓடுண்ணா, ஓடு!" என்றாள். ஓடினேன். கால் வைத்த இடத்தில் எல்லாம் தரை முளைத்தது.

அன்று ஜாஃபரையும் ஜெயித்தோம். இளவரசி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சென்டரில் நான்தான் ஹீரோ. பள்ளி திறந்ததும் வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன். "நிழல அடிக்கக் கூடாதுடா. கத்திய உள்ள வைக்கணும். நான்தான் கண்டுபிடிச்சேன்."

நான்தான் என்று சொன்னேன். ஒரு தடவை அல்ல. அந்த வருடம் முழுக்க.

அலமாரிக்குள் இருந்த பெட்டி

'பிரின்ஸ்' வெளிவந்தபோது அமெரிக்காவில் உடனே ஓடவில்லை. அதற்குள் ஆப்பிள் 2-வின் காலம் முடிந்துகொண்டிருந்தது. வேறு வேறு கம்ப்யூட்டர்களுக்கு மாற்றப்பட்ட பிறகுதான் உலகமெங்கும் பரவியது. 1993-ல் இரண்டாம் பாகம். 2003-ல் 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' என்று புது அவதாரம். 2010-ல் ஹாலிவுட் படம்.

ஆனால் மெக்னர் எழுதிய மூல நிரல் இருந்த ஃப்ளாப்பிகளைக் காணோம். அவரே தேடி அலுத்துப்போனார். 2012-ல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு பெட்டி கிடைத்தது. அதற்குள் அந்த ஃப்ளாப்பிகள். 20 வருடத்துக்கு மேல் கிடந்த ஃப்ளாப்பி திறக்குமா? பழைய கம்ப்யூட்டர் விஷயங்களில் கைதேர்ந்த ஜேசன் ஸ்காட், டோனி டயஸ் இருவரும் உதவிக்கு வந்தார்கள். திறந்தது. மெக்னர் அதைப் பூட்டி வைக்காமல் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்துவிட்டார்.

தம்பி ஓடினான். அப்பா இசை அமைத்தார். தோழி விடாமல் நச்சரித்தார். தொலைந்ததை அப்பாவே கண்டெடுத்தார். ஒருவர் பெயரில் வந்த விளையாட்டுக்குப் பின்னால் இத்தனை பேர். மெக்னர் அவர்கள் எல்லாருடைய பங்கையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குத்தான் சுருக்கென்றது. என் ஸ்டூல்காரியின் பெயரை நான் எங்கே சொன்னேன்?

முதல் முறை ஆடப்போகிறீர்களா?

இன்று பிரவுசரிலேயே இந்த விளையாட்டு ஓடுகிறது. போனைவிட கீபோர்டு உள்ள கம்ப்யூட்டர் நல்லது. குழந்தைகளோடு ஆடுபவர்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள்:

• ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே அம்புக்குறியைத் தட்டினால் இளவரசன் அடிமேல் அடி வைப்பான். விளிம்புக்குப் போகும்போது இது உயிர்காக்கும்.

• தாவும்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தால் எதிர் விளிம்பைப் பற்றிக்கொள்வான்.

• சண்டையில் அவசரப்படாதீர்கள். மேல்நோக்கிய அம்புக்குறி தடுப்பு, ஷிஃப்ட் வெட்டு. எதிரி அடிக்கும்போது தடுத்துவிட்டு, உடனே வெட்டுங்கள்.

• மூன்றாவது லெவல் எலும்புக்கூடு சாகாது. பின்னுக்குத் தள்ளிப் பள்ளத்தில் விழவைக்க வேண்டும்.

• நிழல் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் மேலே சொல்லிவிட்டேனே!

ஒரு முக்கியமான குறிப்பு. ஒரு குழந்தை ஆடும்போது இன்னொன்று பின்னால் உட்கார்ந்து பார்த்தால், பாதி நேரம் கழித்து இடத்தை மாற்றி உட்கார வையுங்கள்.

28 வருடம் கழித்து ஒரு ஞாயிறு

அப்பா சொன்ன 'அடுத்த வருசம்' வரவே இல்லை. அடுத்த வருடம் தறிக்குப் பாவு வாங்கப் பணமில்லை. அதற்கடுத்த வருடம் நான் பத்தாவது. அப்புறம் அந்தப் பேச்சே போய்விட்டது. தங்கை முதன்முதலில் கீபோர்டைத் தொட்டது கல்லூரியில். இப்போது ஒரு கூட்டுறவு வங்கியில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் வேலை. யாருக்கும் அவள் சளைத்தவள் இல்லை.

2024-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தாள். என் மகனும் அவள் மகளும் போனில் ஏதோ வாள்சண்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். செத்தால் விளம்பரம் பார்த்து மறுபடி உயிர் வாங்கிக்கொள்ளலாமாம். "நாங்க ஆடினதைக் காட்டறேன் வாங்க" என்று லேப்டாப்பைத் திறந்தேன். அதே மணல் கடிகாரம். அதே இசை.

நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீ உக்காரு" என்றேன்.

"எனக்கா? எனக்கு ஆடத் தெரியாதேண்ணா."

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

உட்கார்ந்தாள். 28 வருடம் கழித்து அவள் கை பட்டு இளவரசன் எழுந்து நின்றான். இரண்டடி ஓடி, நேராகப் பள்ளத்தில் விழுந்து செத்தான். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுபடி ஆடினாள். எந்தக் கல் விழும் என்பது இன்னமும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. விரல்தான் பழகவில்லை.

ஸ்டூலை எடுத்துப் போட்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அப்போதுதான் சொன்னேன். "அந்த நிழல் விஷயம்... ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் நான் கண்டுபிடிச்சேன்னு சொல்லிட்டேன்மா."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "தெரியுமே. உன் ஃப்ரெண்டு எங்கிட்டயே வந்து, 'உங்கண்ணன் பெரிய ஆளு'ன்னு சொன்னான்."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்றது? அடிச்சா எனக்குந்தானண்ணா வலிக்கும்."

கிளம்பும் நேரம் வந்தபோது அவள் மூன்றாவது லெவலில் இருந்தாள். எலும்புக்கூடு அப்போதுதான் எழுந்து நின்றது. லேப்டாப்பை மூடப் போனேன். தடுத்தாள்.

"சேவ் பண்ணி வை. அடுத்த ஞாயித்துக்கிழம வர்றேன். உம் பையன் தொடாமப் பாத்துக்க!"